புகை போவது நுரையீரலுக்கு, அடி விழுவது இதயத்துக்கு

எலியின் இதயம் நிமிடத்துக்கு 300 முதல் 400 தடவை துடிக்கும். அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டரை வைத்துத் தைத்துவிட்டால், எலி கூண்டுக்குள் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் ஈசிஜி பக்கத்தில் உள்ள கணினித் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். பிடித்து அமுக்க வேண்டியதில்லை, மயக்க மருந்தும் வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 1990களில் இப்படித்தான் இரண்டு கூட்டம் எலிகளைக் கவனித்தார்கள்.

ஒரு கூட்டம் நல்ல ஆரோக்கியமான எலிகள். இன்னொரு கூட்டத்துக்கு முன்கூட்டியே நுரையீரல் ரத்தக்குழாய்களில் நோய் உண்டாக்கியிருந்தார்கள். இரண்டுக்கும் கொடுத்தது ஒன்றே: எண்ணெய்க் கசடை எரிக்கும் மின் நிலையத்தின் சாம்பல். வனேடியம், நிக்கல், இரும்பு எல்லாம் கலந்த சாம்பல் அது. அதை உப்புநீரில் கலந்து மூச்சுக்குழாய் வழியாக உள்ளே இறக்கினார்கள்.

ஆரோக்கியமான எலிகளும் அதைச் சும்மா தாண்டிவிடவில்லை. துடிப்பின் தாளம் தப்பியது. சாம்பலின் அளவு கூடக் கூட, தப்புவதும் கூடியது. ஆனால் ஒன்றும் சாகவில்லை. நோயுள்ள எலிகளிலோ தாளம் தப்புவது மிக மோசமானது, சில செத்தும் போயின. 1998-ல் வெளிவந்த முடிவு இது.

சாம்பல் போன இடம் நுரையீரல். நோய் இருந்த இடமும் நுரையீரல்தான். ஆனால் திரையில் தடுமாறியது இதயம். ஏன்?

ஒரே சுற்று, இரண்டு பம்பு

இதயம் என்றதும் உடம்பெல்லாம் ரத்தத்தைத் தள்ளும் ஒரு பம்பு என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். இடது பக்கம் உடம்புக்குத் தள்ளுகிறது. வலது பக்கத்துக்கு ஒரே வாடிக்கைதான், நுரையீரல். உடம்பைச் சுற்றி வந்த ரத்தம் ஏறக்குறைய முழுவதும் வலது பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய், ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இடது பக்கம் திரும்ப வேண்டும். எலி, பூனை, நாய், மாடு, மனிதன் எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான்.

இரண்டு பம்புகளும் தள்ளும் ரத்தத்தின் அளவு ஒன்றுதான், செய்யும் உழைப்பு ஒன்றல்ல. மனிதக் கணக்கில் சொன்னால், உடம்புத் தமனிகளின் சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் போல இருக்கும். நுரையீரல் தமனியில் அது 14 அளவில்தான். நுரையீரலின் ரத்தக்குழாய்கள் அவ்வளவு தளர்வானவை, அவ்வளவு கிளை விட்டவை. அதனால் வலது கீழறையின் சுவர் மெலிதாகவே போதும்: இடது பக்கச் சுவரில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சும்மா சாய்ந்து நின்றாலே திறக்கிற கதவைத் தள்ளும் வேலை அதற்கு.

அந்தக் கதவு இறுகிப்போனால் என்ன ஆகும்? நுரையீரல் நோய் பெரும்பாலும் செய்வது இதைத்தான். எம்ஃபசீமாவில் காற்றுப்பைகளின் சுவர் அழியும்போது அந்தச் சுவரில் ஓடும் நுண்குழாய்களும் சேர்ந்தே அழிகின்றன. நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியில் சளி அடைத்து, நுரையீரலின் பல பகுதிகளுக்குக் காற்றே போவதில்லை. இங்கேதான் நுரையீரலின் ஒரு விசித்திரக் குணம் வேலையைக் காட்டுகிறது.

உடம்பில் வேறெங்கும் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய் விரியும். அங்கே ரத்தம் இன்னும் வரட்டும் என்ற கணக்கு. நுரையீரலில் மட்டும் தலைகீழ்: ஆக்சிஜன் குறைந்த இடத்தில் குழாய் சுருங்கும். 1946-ல் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இரண்டு ஸ்வீடன் விஞ்ஞானிகள் பூனைகளில் இதை அளந்து காட்டினார்கள். காற்று வராத இடத்துக்கு ரத்தத்தை அனுப்பி வீணாக்காதே, காற்று வரும் பக்கம் திருப்பிவிடு என்கிற ஏற்பாடு. நுரையீரலின் ஒரு மூலையில் மட்டும் கோளாறு என்றால் அருமையான ஏற்பாடுதான். நுரையீரல் முழுக்க ஆக்சிஜன் குறைந்தால் எல்லாக் குழாயும் சேர்ந்து சுருங்கும். கதவு மொத்தமாக இறுகும்.

காற்றில் மாசே இல்லாமலும் இது நடக்கும். உயரமான மலைப் புல்வெளிக்கு ஓட்டிச் சென்ற மாடுகள் சில, சில வாரங்களில் சோர்ந்து நிற்கும். கழுத்தின் ரத்தக்குழாய் கயிறு போலப் புடைக்கும். முன்னங்கால்களுக்கு நடுவே மார்பின் அடியில் நீர் கோத்து, அமுக்கினால் விரல் பதியும் அளவுக்கு வீங்கித் தொங்கும். அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் இதை 100 ஆண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதியிருக்கிறார்கள். காற்று அங்கே சுத்தம்தான், ஆக்சிஜன்தான் குறைவு. மாட்டின் நுரையீரல் குழாய்களில் தசை தடிமன், அதனால் இறுக்கமும் அதிகம். வலது இதயம் தள்ளித் தள்ளி ஒருநாள் தோற்றுவிடுகிறது. தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்குவதுதான் அந்த வீக்கம். மாடுகளை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவார்கள்.

காற்றில் வருவது என்ன

பிஎம் 2.5 என்று செய்திகளில் வருவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் என்றால், அதன் குறுக்கே இத்தகைய துகள்களில் இருபது, இருபத்தைந்தை வரிசையாக அடுக்கலாம். பெரிய தூசி மூக்கிலேயே மாட்டிக்கொள்ளும். நடுத்தரமானது மூச்சுக்குழாயின் சளியில் ஒட்டும். அங்குள்ள நுண்மயிர்கள் அதை மேலே தள்ளித் தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவரும். 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ளதுதான் காற்றுப்பைகள் வரை போகும். அங்கே நுண்மயிர் கிடையாது. மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் விழுங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றுப்பைக்கும் ரத்தத்துக்கும் இடையே உள்ள சுவரின் தடிமன் ஒரு மைக்ரான்கூட இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பிஎம் 2.5-க்கான ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5-க்கு இறக்கியது. மனிதர்களுக்காகப் போட்ட வரம்பு அது. விலங்குகளுக்கானது அல்ல.

துகள் மட்டுமல்ல, வாயுக்களும் உண்டு. ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு மூன்றும் மூச்சுக்குழாயை அரிக்கும். கார்பன் மோனாக்சைடு அரிக்காது. ஆனால் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே ஆக்சிஜன் பற்றாக்குறையில் இருக்கும் விலங்குக்கு அது பசித்தவன் தட்டைப் பிடுங்குவது மாதிரி.

நுரையீரலிலிருந்து இதயத்துக்கு மூன்று வழி

முதல் வழி அழற்சி. துகளை விழுங்கிய மேக்ரோஃபேஜ் செல்கள் ஆபத்து என்று சைகை விடும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கசிந்து கல்லீரலை எட்டுகின்றன. கல்லீரல் ஃபைப்ரினோஜன் போன்ற உறைபொருள்களைக் கூடுதலாகச் செய்கிறது. ரத்தம் கெட்டிப்படுகிறது, எளிதில் உறைகிறது, குழாய்களின் உள்சுவர் விறைக்கிறது. இதற்கு மணிக்கணக்கோ நாள்கணக்கோ ஆகும்.

மூன்றாவது வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. மிக மிக நுண்ணிய துகள்கள், ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே உள்ளவை, காற்றுப்பைச் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள்ளேயே போகின்றன. எத்தனை போகும் என்பதில் சச்சரவு உண்டு. போகும் என்பதில் இப்போது பெரிதாகச் சச்சரவு இல்லை.

இரண்டாவது வழிதான் வேகமானது, எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவதும் அதுதான்: நரம்பு. மூச்சுக்குழாய்ச் சுவரில் எரிச்சலை உணரும் நரம்பு முனைகள் உண்டு. மிளகாய் நெடி ஏறினால் உடனே இருமுகிறோமே, அந்த முனைகள்தான். அவற்றின் சேதி வேகஸ் நரம்பு வழியாக மூளைத் தண்டுக்குப் போகிறது. இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிலையமும் மூளைத் தண்டில்தான். ஆகவே நுரையீரலில் எரிச்சல் என்றால் இதயத்தின் கடிவாளம் சில நிமிடங்களில் ஆடிவிடும்.

ஆடுவது எப்படித் தெரியும்? இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் துடிப்பதுதான் நல்லது என்று நினைப்போம். அப்படி இல்லை. ஆரோக்கியமான இதயம் மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். நாய்களில் இது அப்பட்டமாகத் தெரியும்: ஓய்வாகப் படுத்திருக்கும் நாயின் மார்பில் கை வைத்துப் பாருங்கள், லப்டப் லப்டப் என்று ஓடி வந்து, ஒரு சின்ன இடைவெளி விட்டு, மறுபடி ஓடும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கடிவாளம் நல்ல கையில் இருக்கிறது என்பதன் அடையாளம் அது. மாசுக் காற்றில் இந்த ஏற்ற இறக்கத்தின் ஒழுங்கு மாறுகிறது. பாஸ்டனில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளிக்காற்றின் துகள்களை ஒடுக்கி அடர்த்தியாக்கும் கருவி ஒன்றைச் செய்து, அந்தக் காற்றை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்பின் ஏற்ற இறக்கம் மாறியது. இதயத் தமனி ஒன்றைச் சில நிமிடங்கள் மட்டும் அடைத்துத் திறந்த இன்னொரு சோதனையில், துகள் காற்றை மூச்சிழுத்த நாய்களுக்கு ஈசிஜியில், ரத்தம் போதாமல் இதயத் தசை பட்டினி கிடப்பதன் அடையாளம் கூடுதலாக வந்தது. சாம்பலைக் கரைத்து ஊற்றியதல்ல, தெருவில் எல்லாரும் மூச்சிழுக்கும் காற்றின் துகள்தான். அடர்த்தி மட்டும் கூட்டியிருந்தார்கள்.

நோயுள்ள நுரையீரல் என்ன மாற்றுகிறது

சரி, இந்த மூன்று வழியும் ஆரோக்கியமான விலங்குக்கும் திறந்துதான் இருக்கிறது. பின் ஏன் நோயுள்ளது மட்டும் சாகிறது?

முதலில், அதற்குள் போகும் துகளே கூடுதல். அடைபட்ட நுரையீரலில் காற்று சமமாகப் பரவாது. பாதிக் குழாய் அடைத்திருந்தால், இழுக்கும் காற்று முழுவதும் திறந்திருக்கும் பாதிக்கே போகும். அந்தப் பாதிக்குத்தான் ரத்தமும் அதிகம் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. ஆக, மிச்சமிருக்கும் நல்ல பகுதியின் தலையில்தான் துகள் மொத்தமும் கொட்டுகிறது. அப்புறம், உள்ளே போனது வெளியே வருவதும் தாமதம். நுண்மயிர்கள் உதிர்ந்து, சளி கட்டி நிற்கும் குழாயில் எதை மேலே தள்ளுவது? ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் செல்கள் சின்னத் தூண்டலுக்கே கொந்தளிக்கும். புண்பட்ட சுவர் கசியவும் செய்யும்.

இதெல்லாம் அளவில் கூடுதல், அவ்வளவுதான். தன்மையிலேயே வேறுபடும் விஷயம் வலது இதயம்.

இறுகிய கதவை மாதக்கணக்கில் தள்ளிய வலது கீழறை தடித்துப் போயிருக்கும். ஆய்வுக்கூடத்தில் இதை எடைபோட்டே பார்க்கிறார்கள்: எலி இறந்த பின் இதயத்தை எடுத்து, வலது கீழறைச் சுவரைத் தனியாகக் கத்தரித்து, இடது சுவரையும் நடுச்சுவரையும் சேர்த்து இன்னொரு குவியலாக வைத்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். நல்ல எலியில் இது 0.25 சுற்றி வரும். நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறிய எலியில் 0.5-ஐத் தாண்டும். சின்னத் துண்டுச் சதை, தராசில் இரண்டு மடங்கு. தடித்தால் பலம்தானே என்று தோன்றும். கொஞ்ச காலத்துக்கு அப்படித்தான்.

சிக்கல் எங்கே என்றால், இதயத் தசைக்கு ரத்தம் ஊட்டும் தமனிகளில். இடது கீழறை சுருங்கும்போது அழுத்தம் அவ்வளவு ஏறுவதால் தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்கிவிடும். ஆகவே அது தளரும் நேரத்தில்தான் சாப்பிடும். வலது கீழறை சாதாரணமாகச் சுருங்கும்போதும் சாப்பிடும், தளரும்போதும் சாப்பிடும். அழுத்தம் குறைவு என்பதால் கிடைத்த சலுகை. நுரையீரல் நோயில் வலது பக்க அழுத்தம் ஏற ஏற இந்தச் சலுகை பறிபோகிறது. தசை தடித்துவிட்டது, தேவை கூடிவிட்டது, அதே நேரம் வரத்து குறைகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனும் ஏற்கெனவே குறைவு.

இன்னொன்றும் உண்டு. உப்பிய வலது கீழறை நடுச்சுவரை இடது பக்கம் தள்ளும். இரண்டு அறையும் ஒரே உறைக்குள் இருப்பதால் இடது கீழறைக்கு இடம் குறையும், நிரம்புவது குறையும், உடம்புக்குப் போகும் ரத்தம் குறையும். உடம்பின் ரத்த அழுத்தம் இறங்கினால் இதயத் தமனிக்குள் ரத்தத்தைத் தள்ளும் விசையும் இறங்கும். வலது தசைக்கு இன்னும் பட்டினி. ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும் பாம்புகள் போல இது சுற்றும்.

இழுபட்ட, பட்டினி கிடக்கும் தசையில் மின்சாரமும் ஒழுங்காக ஓடாது. தாளம் தப்புவதற்கான மண் தயாராக இருக்கிறது. இந்த நிலையில் புகை என்ன செய்ய வேண்டும்? பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். மூச்சுக்குழாயைக் கொஞ்சம் சுருக்கினால் ஆக்சிஜன் இன்னும் சற்றுக் குறையும், நுரையீரல் குழாய்கள் இன்னும் சற்று இறுகும், வேகஸ் கடிவாளம் ஒரு தடவை சுண்டினால் போதும். ஆரோக்கியமான எலிக்கு இதே சுண்டல் ஈசிஜியில் ஒரு கோணல் கோடு. நோயுள்ள எலிக்குக் கடைசிக் கோடு.

எலிக்கு நோய் எப்படி வரவழைக்கிறார்கள்

முதலில் சொன்ன எலிகளுக்கு நோய் தந்தது மோனோகுரோட்டலின் என்ற பொருள். கிலுகிலுப்பை என்று தமிழில் சொல்கிறோமே, காய் காய்ந்ததும் விதைகள் உள்ளே கலகலவென்று ஆடுமே, அந்தச் செடி வகைகளில் ஒன்றின் விஷம் அது. மேயும் மாடும் குதிரையும் தின்று நோய்ப்படுவதும் உண்டு. எலிக்கு ஒரே ஒரு ஊசி போதும். கல்லீரல் அதை உடைத்துக் கொடிய வடிவத்துக்கு மாற்றுகிறது; கல்லீரலைவிட்டுக் கிளம்பும் ரத்தம் வலது இதயம் வழியாக அடுத்துப் போய் நிற்கும் நுண்குழாய்கள் நுரையீரலுடையவை. அடி அங்கே விழுகிறது. உள்சுவர் புண்ணாகி, குழாய்கள் தடித்து, மூன்று நான்கு வாரங்களில் வலது கீழறை பருத்துவிடுகிறது.

மூச்சுக்குழாய் அழற்சி வேண்டுமென்றால் வாரக்கணக்கில் சல்ஃபர் டை ஆக்சைடு காற்று. எம்ஃபசீமா வேண்டுமென்றால் நுரையீரலின் மீள்நார்களைக் கரைக்கும் நொதி. 1960களில் பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் கொண்டே இதைச் செய்துகாட்டினார்கள். படிக்கும்போது எனக்கு வயிறு பிசையும். ஆனால் மனிதர்களிடமும் செல்லப்பிராணிகளிடமும் நோய், வயது, சாப்பாடு, வீட்டுப் புகை எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்க்க இந்த வழிதான் இருக்கிறது.

எலியை எவ்வளவு நம்பலாம்

கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 1998 சோதனையில் சாம்பலை ஊற்றினார்கள் என்பதை மறக்கக் கூடாது. எந்த எலியும் தெருவில் நடந்து அவ்வளவு சாம்பலை ஒரே நாளில் மூச்சிழுக்காது. நியூயார்க்கில் வேறொரு குழு இதே மோனோகுரோட்டலின் எலிகளுக்கு, ஊற்றாமல், அடர்த்தியாக்கிய நகரக் காற்றைக் கொடுத்தபோது பெரிய கேடு எதுவும் தெரியவில்லை. துடிப்பில் சின்னச் சின்ன மாற்றங்களே கிடைத்தன. அடர்த்தியாக்கும் கருவிக்கும் ஒரு வம்பு உண்டு: அன்றைக்கு வெளியே என்ன காற்றோ, அதைத்தான் அது கொடுக்கும். திங்கட்கிழமை டீசல் புகை, மழை பெய்த செவ்வாய்க்கிழமை வெறும் உப்புத் துகள். ஒரு நாள் முடிவு அடுத்த நாள் வராது.

அதோடு எலி ஒரு தந்திரக்காரி. விஷக்காற்று பட்டதும் அதன் உடல் வெப்பம் இறங்கும், துடிப்பும் கூடவே இறங்கும். தேவையைக் குறைத்துக்கொண்டு ஆபத்தைக் கடக்கும் உபாயம். வயிற்று டிரான்ஸ்மிட்டர் வெப்பத்தையும் காட்டுவதால்தான் இது தெரியவந்தது. நாயோ மாடோ மனிதனோ இப்படிச் சட்டென்று குளிர்ந்துபோக முடியாது, உடம்பு பெரிது. ஆகவே எலியில் துடிப்பு குறைந்தது என்று படித்தால், அது புகையின் வேலையா, எலியின் தற்காப்பா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தோன்றுவது: எலிச் சோதனைகள் எவ்வளவு புகைக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லாது. எந்த வழியாக அடி வருகிறது என்று சொல்லும். அளவுக்கு வெளியுலகைத்தான் பார்க்க வேண்டும்.

கூண்டுக்கு வெளியே

1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் புகைமூட்டம் மூடியது. அப்போது நகரில் மாட்டுக் கண்காட்சி ஒன்றுக்காகக் கொழுத்த மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். நாக்கைத் தள்ளி மூச்சிரைக்க ஆரம்பித்தவை அவைதான்; பத்துக்கும் மேற்பட்டவை செத்தன, அல்லது பிழைக்காது என்று கொல்லப்பட்டன. பக்கத்தில் இருந்த ஆடுகளுக்கும் பன்றிகளுக்கும் அவ்வளவு பாதிப்பில்லை. மலையில் மார்பு வீங்கிய மாடுகளை நினைத்துப் பாருங்கள்: உடல் எடைக்குச் சின்ன நுரையீரல், இறுகுவதற்குத் தயாராகத் தடித்த ரத்தக்குழாய். தாக்குப்பிடிக்கும் இருப்பு குறைந்த விலங்கு முதலில் விழுகிறது. அந்தப் புகையில் ஆயிரக்கணக்கில் மனிதர்களும் இறந்தார்கள். அதற்கு முன் 1930-ல் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கிலும், 1948-ல் அமெரிக்காவின் டொனோராவிலும் இதே கதை. டொனோராவில் இறந்த 20 பேரில் பெரும்பாலானோருக்கு ஏற்கெனவே நெஞ்சு நோய் இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் நோயை வரவழைக்காமலே கிடைக்கும் உதாரணம் குதிரை. லாயத்தில் காய்ந்த வைக்கோல் தூசியையும் பூஞ்சணத்தையும் ஆண்டுக்கணக்கில் மூச்சிழுத்த குதிரைக்கு ஆஸ்துமா போன்ற நோய் வரும். மூச்சை வெளியே தள்ள வயிற்றுத் தசை உழைத்து உழைத்து விலாவை ஒட்டி ஒரு பள்ளமே விழுந்துவிடும். கடுமையான சமயத்தில் இவற்றின் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியிருப்பதை அளந்திருக்கிறார்கள். லாயத்தைவிட்டுத் திறந்த புல்வெளிக்கு மாற்றினால் மூச்சு இலகுவாகும், அழுத்தமும் இறங்கும். மாசு என்றால் புகைபோக்கிதான் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் குதிரையைக் காட்டலாம்.

மெக்சிகோ நகரத்து நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடும் மாசில் வாழ்ந்த நாய்களின் இதயத் தசையை 2001-ல் நுண்ணோக்கியில் பார்த்து, மாசு குறைந்த ஊர்களின் நாய்களோடு ஒப்பிட்டார்கள். தசைச் செல்கள் மடிந்த தடயங்கள் நகரத்து நாய்களில் கூடுதல். யாரும் ஊசி போடவில்லை, எதையும் ஊற்றவில்லை.

வீட்டில் நோயுள்ள விலங்கு இருந்தால்

நாள்பட்ட இருமல் உள்ள வயதான நாய், ஆஸ்துமா உள்ள பூனை, மூக்கு சப்பையான இனங்கள் ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் புகை நாளில் கவனிக்க வேண்டியது இருமலை மட்டுமல்ல. நடக்கும்போது திடீரென்று உட்கார்ந்துவிடுவது, மயங்கி விழுந்து எழுவது, ஈறு நீலம்பாய்வது, வயிறு உப்புவது எல்லாம் இதயத்தின் சேதிகள். வயிறு உப்பினால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள்; தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி நீர் கோப்பதாகவும் இருக்கலாம், அந்த மாடுகளின் மார்பைப் போல. ஈறு நீலமானாலோ மயங்கினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

புகை நாளில் ஓட்டமும் விளையாட்டும் வேண்டாம். ஓடும் நாய் மூச்சிழுக்கும் காற்றின் அளவு பல மடங்கு ஏறும், இதயத்தின் தேவையும் அதே நேரத்தில் ஏறும். வீட்டுக்குள் சிகரெட், ஊதுவத்தி, கொசுவத்தி புகையும் கணக்கில் சேரும். மூக்கு தரைக்குப் பக்கத்தில் இருக்கும் விலங்குக்குக் கொசுவத்தி முகத்துக்கு நேரே எரிகிறது. நாய்க்கு முகக்கவசம் கட்டிப் பார்க்காதீர்கள். நாய் வாயால் இரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது, அதைத் தடுத்தால் வேறு வம்பு வரும்.

காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. விலங்கு நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு முறை என்று வைத்து, ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாய்க்கும் பூனைக்கும் இது 30-க்குள் இருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதைக்கும் நேரத்தில் எண்ணாதீர்கள், கணக்கு கூடிவிடும். காற்று நன்றாக இருக்கும் நாள்களில் நான்கைந்து தடவை எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள். உங்கள் விலங்கின் வழக்கமான எண் 16-ஆ 24-ஆ என்று தெரிந்துவிடும். புகை நாளில் 30-ஐத் தாண்டினால் சற்று நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள், அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.